மூன்றாவது மேல்பலகையும் மடிப்பு விழுந்துவிட்டது (ஒட்டுப்பலகை ஆர்ச்டாப் கிடார்)

பேட்டர்ன்கடை:

வணக்கம்ங்க. கோவை கணபதியில் மரப் பேட்டர்ன் கடை, அதாவது உலோக வார்ப்புக்கான மர மாதிரிகள் செய்யும் கடை, வைத்திருக்கிறேன். பம்ப் கேசிங், இம்பெல்லர், அதற்கான கோர் பாக்ஸ் (வார்ப்பின் உள்வெற்றிடத்துக்கான மணல் கருவைச் செய்யும் பெட்டி), 22 வருடமாக இதுதான் சோறு போடுகிறது. கடையில் நாலடிக்கு நாலடி சிஎன்சி ரவுட்டர் (கணினி சொல்படி மரம் அறுக்கும் மெஷின்) ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அது சும்மா நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் கிடார் செய்ய இறங்கினேன். இரண்டு சாலிட்பாடி (உள்ளே வெற்றிடமில்லாத கட்டை உடல்) கிடார் முடித்து விற்றும்விட்டேன். அந்தத் தைரியத்தில், மேல்பலகை வளைந்து எழும்பிய ஆர்ச்டாப்பில் கை வைத்தேன், மாட்டிக்கொண்டேன்.

கிப்சன் கம்பெனியின் இஎஸ்-175 கிடார் மாதிரி ஒன்று வேண்டும். 16 அங்குல அகலம், அதாவது 406 மி.மீ.; நடுவில் எழுச்சி 18 மி.மீ. ஓரத்தில் சுற்றிலும் ஒரு சின்னப் பள்ளம், அதற்கு 40 மி.மீ. ஆரம். எம்டிஎஃப் (மரநார்) பலகைகளை ஒட்டி மேல் டை, கீழ் டை (பலகையை நடுவில் வைத்து அழுத்தும் அச்சுகள்) இரண்டும் அறுத்தேன். 12 மி.மீ. பால்நோஸ் (முனை உருண்ட பிட்), 1 மி.மீ. ஸ்டெப்ஓவர் (ஒரு ஓட்டத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம்). கையால் தடவினால் கோடே தெரியாது.

வெனியர் (மெல்லிய மரத்தாள்) மூன்று அடுக்கு. வெளியே 0.5 மி.மீ. தேக்கு, நடுவில் 2 மி.மீ. குறுக்குவாட்டில், உள்ளே 2 மி.மீ. நீளவாட்டில். வெள்ளைப் பசை போட்டு, எட்டு க்ளாம்ப் முறுக்கி, ஒரு ராத்திரி விட்டேன். மூன்று பலகையிலும் கிட்டத்தட்ட ஒரே நோய்:

நடுப்பகுதியில் விரலால் தட்டினால் பொத்தென்று சத்தம், அங்கே பசை பிடிக்கவில்லை. இடுப்பு வளையும் இடத்தில் ஓரப் பள்ளத்தை ஒட்டி இரண்டு பக்கமும் மடிப்பு. ஒன்றில் நடு அடுக்கு வெடித்தே விட்டது. இதையெல்லாம் சகித்துக்கொண்டாலும், டையிலிருந்து எடுத்து மூன்று நாளில் 18 மி.மீ. எழுச்சி 16 ஆகிவிட்டது, பலகையும் லேசாக முறுக்கிக்கொண்டது.

வார்ப்பிரும்புக்கு மீட்டருக்கு 10 மி.மீ. சுருக்கம் கணக்குப் போட்டே பழகிய கைங்க இது. மரம் இப்படி ஏமாற்றும் என்று நினைக்கவில்லை. எங்கே தப்பு?

ஐந்தரைக்கட்டை:

முதலில் வாழ்த்து. தச்சு எனக்குத் தெரியாது, வாசிக்கிறவன். பலர் உங்களிடம் வந்து, ஒட்டுப்பலகையா, அது மட்டமான சரக்காச்சே, ஸ்ப்ரூஸ் மரத்தைக் குடைந்து செய் என்பார்கள். கேட்காதீர்கள். கிப்சன் 1922ல் கொண்டுவந்த எல்-5 குடைந்த பலகை. மைக் இல்லாத பெரிய பேண்டில் காதில் விழவேண்டிய வாத்தியம். 1949ல் வந்த 175 ஆம்ப்ளிஃபயரை நம்பியே பிறந்தது. குடைந்த பலகை ஆம்ப் சத்தத்தில் தானும் அதிர்ந்து ஊளையிடும். ஒட்டுப்பலகை அவ்வளவு சீக்கிரம் கிளம்பாது. ஜாஸ் கிடார் கலைஞர்கள் ஜிம் ஹாலும் ஜோ பாஸும் வாசித்தது அதைத்தான். அந்த வறண்ட 'டொக்' சத்தம் அந்தப் பலகையிலிருந்துதான் வருகிறது.

அதனால் விடாதீர்கள். மற்றதை வளைமரம் அண்ணன் வந்து சொல்வார்.

வளைமரம்:

கூப்பிட்டுவிட்டீர்கள், வந்துவிட்டேன்.

பேட்டர்ன்கடை சார், ஒரு கேள்வி. மேல் டையை எப்படி வரைந்தீர்கள்? கீழ் டையின் பரப்பை எடுத்து அப்படியே இசட்டில் (நேர் மேலே) 4.5 மி.மீ. தூக்கினீர்களா?

பேட்டர்ன்கடை:

ஆமாங்க. பலகைத் தடிமன் 4.5, அதனால் 4.5 தூக்கினேன்.

வளைமரம்:

அதுதான் பொத்தைச் சத்தம். நேர் மேலே தூக்கினால் சமதளமான இடத்தில் மட்டும்தான் இடைவெளி 4.5 இருக்கும். சரிவில் பரப்புக்குச் செங்குத்தாக அளந்து பாருங்கள், குறைந்திருக்கும். 20 டிகிரி சரிவு என்றால் 4.5ஐ 0.94ஆல் பெருக்கவேண்டும், 4.23 வரும். கால் மி.மீ.க்கு மேல் இடிக்கிறது. அப்படியானால் க்ளாம்ப் முறுக்க முறுக்கச் சரிவுகள் முதலில் நசுங்கும், நடு மேட்டுக்கு அழுத்தமே போய்ச் சேராது. கோர் பாக்ஸில் சுவர் தடிமனை இப்படித் தூக்கி எடுப்பீர்களா? மாட்டீர்கள். கிடார் என்றதும் மறந்துவிட்டது, அவ்வளவுதான். கேட் (கணினி வரைபட) மென்பொருளில் பரப்பை ஆஃப்செட் செய்யவேண்டும், அதாவது எல்லா இடத்திலும் பரப்புக்குச் செங்குத்தாக ஒரே தூரம் தள்ளவேண்டும்; நகர்த்தக் கூடாது.

ஆனால் நான் சொல்வது, மேல் டையையே தூக்கிப் போடுங்கள். வேக்குவம் பை (உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்தால் வெளிக்காற்று அழுத்தும் பை) போதும். ஏசி மெக்கானிக் வைத்திருக்கும் வேக்குவம் பம்ப் இருக்கிறதே, அதுவே சாதிக்கும். உங்கள் பலகைப் பரப்பு சுமார் 1,400 சதுர செ.மீ. இருக்கும். காற்று சதுர செ.மீ.க்கு 850 கிராம் அழுத்தினாலும் மொத்தம் 1,200 கிலோ. மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே சீராக. எட்டு க்ளாம்ப் அதைத் தராது.

பையைக் கீழ் டை மேலேயே போடுங்கள். பலகையின் உள்பக்கம் டையை ஒட்டி வரும், அதில் ஒரு லாபம் உண்டு. உள்ளே ஒட்டும் இரண்டு நீளக் கட்டைகளின் வளைவையும் அதே ஃபைலிலிருந்து அறுத்துக்கொள்ளலாம். சாக்பீஸ் தடவித் தடவி இழைக்கும் வேலை மிச்சம்.

அடுத்து மடிப்பு. கொட்டாங்குச்சி மேல் காகிதத்தை ஒட்டிப் பாருங்கள், ஓரம் சுருங்கும். இங்கேயும் அதே கதைதான். 406 மி.மீ. அகலத்தில் 18 மி.மீ. எழும்பினால் வளைவு வழியாக அளக்கும் நீளம் 2 மி.மீ. கூடுகிறது. நடுவில் நீளவேண்டும் அல்லது ஓரத்தில் சுருங்கவேண்டும். வெந்நீர் குடித்த மரம் சுருங்கிக்கொடுக்கும். நீளச் சொன்னால் வெடிக்கும். காய்ந்த 2 மி.மீ. வெனியர் இரண்டுக்கும் ஒத்துக்கொள்ளாது.

நான் செய்வது: வெனியரைக் கொதித்து இறக்கிய தண்ணீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பழைய வேட்டித் துணியோடு டையில் வைத்து பையால் அழுத்துவேன், பசை இல்லாமல். தினம் துணி மாற்றி மூன்று நாள். காய்ந்து எடுக்கும்போது பாதி வளைவை அதுவே ஏற்றிருக்கும். பசை அதற்கப்புறம்தான். ஒரு எச்சரிக்கை: எம்டிஎஃப் ஈரம் பட்டால் ரொட்டி மாதிரி உப்பும். எபாக்ஸி இரண்டு கோட் அடித்து, மேலே மெழுகு தேய்த்தால்தான் இந்த வேலைக்கு ஆகும்.

முறுக்கலுக்குக் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெளியே 0.5, உள்ளே 2. நடு அடுக்குக்கு இரண்டு பக்கமும் ஒரே தடிமன் இல்லையென்றால் தடித்த பக்கம் இழுக்கத்தான் செய்யும். 0.6 மி.மீ.யில் ஏழு தாள் போடுங்கள், ஒன்று நீளவாட்டில், ஒன்று குறுக்கில் என்று மாற்றி மாற்றி. மெல்லிய தாள் பள்ளத்தில் முரண்டு பிடிக்காது. மூன்று அடுக்குதான் வேண்டுமென்றால் 1.5 மூன்று. 1958ல் வந்த கிப்சன் இஎஸ்-335 கிடாருக்கு வெளியே மேப்பிள், நடுவில் பாப்லர். நம் பக்கம் ப்ளைவுட்டுக்காகவே நடுகிற மலைவேம்பு அந்த நடு இடத்துக்குப் பொருந்தும். லேசான மரம், சொன்னபடி வளையும்.

பசை: வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் சுமை இருந்தால் மெல்ல நழுவும். உங்கள் எழுச்சியில் குறைந்த 2 மி.மீ. அங்கேதான் போனது. யூரியா ஃபார்மால்டிஹைட் பொடிப் பசைக்கு மாறுங்கள், காய்ந்தால் கண்ணாடி மாதிரி நிற்கும். நெடி அதிகம், முகமூடி போட்டுக்கொள்ளுங்கள். கோவை வெயிலில் சீக்கிரம் இறுகிவிடும், ஏழு தாளுக்கும் தடவி முடிக்க விடியற்காலைதான் தோது.

ஐந்தரைக்கட்டை:

விடியற்காலையில் முகமூடி போட்டுக்கொண்டு கடை திறந்தால் அக்கம்பக்கம் போலீஸைக் கூப்பிடப்போகிறார்கள்.

பேட்டர்ன்கடை:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஒரு பம்ப் ஆர்டர் நடுவில் புகுந்துவிட்டது.

வளைமரம் அண்ணா, ஆஃப்செட் விஷயத்தைப் படித்தபோது கடைப் பையன்கள் முன்னால் வெட்கமாகப் போய்விட்டது. அவர்களுக்கு முதல் மாதமே சொல்லிக்கொடுக்கும் பாடம் அது.

பக்கத்துத் தெரு ஏசி மெக்கானிக்கிடம் பம்ப் கடன் வாங்கினேன். பைக்கு நர்சரிக்காரர்கள் போடும் தடித்த பாலிதீன், ஓரத்துக்குப் பிசின் டேப். முதல் முறை பை ஓட்டையாகி ராத்திரி முழுக்கப் பம்ப் கத்திக்கொண்டே இருந்தது. இரண்டாம் முறை நின்றது. 0.6ல் ஏழு தாள், வெளியே இரண்டும் மேப்பிள். நடுவில் வைக்க மலைவேம்பு தேடினேன், இந்தத் தடிமனில் கிடைக்கவில்லை.

பலகையை எடுத்துப் பத்து நாளாகிறது. எழுச்சி 17.5ல் நிற்கிறது. எங்கே தட்டினாலும் ஒரே சத்தம். மடிப்பு ஒரே ஒரு இடத்தில், கட்அவே (கழுத்தருகே கை போக உடலில் வெட்டிய வளைவு) கொம்பு முனையில், நகத்தளவு. அங்கே உள் தாள்களில் மட்டும் சின்ன 'வி' கீறிவிட்டால் சரியாகும் என்று தோன்றுகிறது, வெளியே தெரியாதே.

ஒரு வேலை உருப்படியாகச் செய்தேன். அதைச் சொல்லாமல் போக மனசில்லை. டையின் நடுக்கோட்டில், பலகை வெளிக்கோட்டுக்கு வெளியே, 8 மி.மீ. ஊசித்துளை இரண்டு போட்டுவைத்தேன். ஒட்டும்போதே தாள்கள் அந்த ஊசிகளில்தான் உட்கார்ந்தன. காய்ந்த பிறகு அதே டை, அதே ஊசி, மெஷினுக்கு அதே ஜீரோ (தொடக்கப் புள்ளி). வெளிக்கோடும் இரண்டு எஃப் துளைகளும் (மேல்பலகையில் வரும் 'f' வடிவத் துளைகள்) மெஷினே அறுத்தது, இசட் வளைவோடு ஏறி இறங்கிக்கொண்டு. 3 மி.மீ. டவுன்கட் பிட் (சீவலைக் கீழ்நோக்கித் தள்ளி அறுப்பது) போட்டதால் மேப்பிள் ஓரம் பிய்யவே இல்லை. எஃப் துளையைப் பார்த்து என் வீட்டம்மா, "இதுக்குத்தானா மூணு மாசம்?" என்றார். நல்ல வார்த்தை என்றே எடுத்துக்கொண்டேன்.

இப்போது பின்பலகை பாக்கி. தாள் வெட்டி வளைத்துத் தயாராக இருக்கிறது. ஆனால் வெயில் ஏறிவிட்டது, மெக்கானிக் பம்பைத் திருப்பிக் கேட்கிறார். கோவையில் யாரிடமாவது ஒரு ராத்திரிக்குப் பம்ப் இருக்குமா?