ரீமேன் ஈசிஎம் வாங்கலாமா? 2018 பிஎஸ்4 லாரி, மூன்று சிலிண்டர் வேலை செய்யவில்லை

சங்ககிரி_12வீல்:

எல்லோருக்கும் வணக்கம், கொஞ்சம் அவசரமாகக் கேட்கிறேன். வண்டி 2018 மாடல் பிஎஸ்4, 12 சக்கரம், ஆறு சிலிண்டர் காமன் ரெயில் (எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகிற) இன்ஜின், புகையைச் சுத்தம் செய்ய யூரியா ஊற்றுகிற வண்டி. சிமெண்ட் லோடோடு தொப்பூர் ஏற்றத்தில் போகும்போது திடீரென்று புல்லிங் போய்விட்டது. இன்ஜின் அணையவில்லை, ஆனால் கேபினே ஆடுகிற அளவுக்கு உதறல், செக் லைட் எரிகிறது. ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் 4, 5, 6 மூன்று சிலிண்டரின் இன்ஜெக்டர் (டீசல் பீச்சுகிற பார்ட்) சர்க்யூட்டுக்கும் ஃபால்ட் கோடு வருகிறது, அழித்தாலும் ஸ்டார்ட் செய்ததும் திரும்ப வந்துவிடுகிறது. மூன்று இன்ஜெக்டர் ஒரே நேரத்தில் போக வாய்ப்பில்லை, அதனால் இன்ஜினை ஓட்டுகிற கம்ப்யூட்டரான ஈசிஎம்தான் போயிருக்கிறது என்று பட்டறையில் சொல்கிறார்கள்.

புதியது கேட்டால் விலை லட்சத்துக்கு மேல் போகிறது, அதுவும் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம். டெல்லியில் ஒரு வியாபாரி ரீமேன் பீஸ், அதாவது பழையதைப் புதுப்பித்தது, பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். ஆறு மாதம் வாரண்டி, பழைய பீஸுக்கு டெபாசிட் பிடித்துக்கொள்வார், அதை அனுப்பினால் பணம் திரும்பக் கிடைக்கும் என்கிறார். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார், பார்க்கப் புதிது மாதிரி பளபளவென்று இருக்கிறது. வண்டி நின்றால் இஎம்ஐ நிற்காது என்பது உங்களுக்கே தெரியும், அதனால் இரண்டு நாளில் முடிவெடுக்க வேண்டும். இந்த ரீமேன் பீஸை நம்பலாமா? வாங்கினால் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

சேலம்_ஆட்டோ_எலக்ட்ரிக்:

தம்பி, டெல்லிக்குப் பணம் அனுப்பாதீர்கள், முதலில் ஒரு மல்டிமீட்டரும் ஒரு 24 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பும் எடுத்துக்கொண்டு வண்டிப் பக்கம் போங்கள். பட்டறையில் சொன்னது பாதிதான் சரி. ஆறு சிலிண்டர் காமன் ரெயிலில் ஈசிஎம் இன்ஜெக்டர்களைத் தனித்தனியாக ஓட்டுவதில்லை, பெரும்பாலான மாடல்களில் மூன்று மூன்றாகப் பிரித்து இரண்டு பேங்காக ஓட்டும். பல இன்ஜின்களில் 1, 2, 3 ஒரு பேங்க், 4, 5, 6 இன்னொன்று. அந்த மூன்றில் ஒரே ஒரு இன்ஜெக்டர் ஷார்ட் ஆனாலும், அதன் ஒயர் எங்காவது உரசி இன்ஜின் பாடியைத் தொட்டாலும், ஈசிஎம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்த பேங்க் முழுவதையும் நிறுத்திவிடும். ஸ்கேனரில் மூன்றுக்கும் கோடு வரும். பார்க்கிறவர்கள் ஈசிஎம் போச்சு என்பார்கள். புது ஈசிஎம் மாட்டினால் அதே கோடு வரும், இல்லையென்றால் இன்னும் மோசமாக அந்த ஷார்ட்டே புதியதன் டிரைவரையும் (ஈசிஎம்முக்குள் இன்ஜெக்டருக்குக் கரண்ட் கொடுக்கிற சர்க்யூட்) எரித்துவிடும், வாரண்டியில் கேட்டால் வண்டி ஒயரிங் கோளாறு என்று கையை விரித்துவிடுவார்கள்.

இதைச் செய்யுங்கள். சாவியை ஆஃப் செய்து, யூரியா பம்ப் ஓடி நிற்கும் வரை பொறுத்து, பிறகு மெயின் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். வால்வ் கவர் ஓரத்தில் இருக்கிற இன்ஜெக்டர் கப்ளரைக் கழற்றி, இன்ஜெக்டர் பக்கம் மீட்டர் வையுங்கள். சோலனாய்டு (உள்ளே காந்தக் காயில் இருக்கிற) இன்ஜெக்டர் ஒரு ஓமுக்கும் கீழேதான் காட்டும். அதனால் முதலில் மீட்டர் ஒயர் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டு வருகிற அளவைக் கழித்துக்கொள்ளுங்கள், மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவாக இருக்க வேண்டும். அப்புறம் ஒவ்வொரு முனைக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே பாருங்கள், அங்கே எதுவுமே காட்டக்கூடாது. ஏதாவது ஓம் காட்டினால் ஒயரோ காயிலோ பாடியைத் தொடுகிறது என்று அர்த்தம். இதை இன்ஜின் சூடாக இருக்கும்போதும் ஒருமுறை செய்யுங்கள், ஆறினபின் சரியாகக் காட்டிவிட்டு சூட்டில் மட்டும் தொடுகிற ஒயர் நிறைய உண்டு. வால்வ் கவரைக் கழற்றி உள் ஒயரிங்கை கையால் அசைத்துப் பாருங்கள், கிளாம்பும் பிராக்கெட்டும் இருக்கிற இடத்தில் உறை தேய்ந்திருக்கும்.

அடுத்தது கரண்டும் எர்த்தும். ஈசிஎம் கப்ளரில் மீட்டர் 24 வோல்ட் காட்டுகிறது என்று விட்டுவிடாதீர்கள். பத்து இழையில் ஒன்பது அறுந்து ஒரே இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மீட்டர் 24 காட்டும். அந்த பவர் ஒயருக்கும் எர்த் ஒயருக்கும் நடுவே பல்பைப் போடுங்கள். பளிச்சென்று எரிய வேண்டும், மங்கினால் கோளாறு அங்கேதான்.

ஒரு கேள்வி, அண்மையில் பாடியிலோ சேஸிஸிலோ வெல்டிங் அடித்தீர்களா? நம்ம பக்கம் பாடி பட்டறையில் பேட்டரி கழற்றாமலே வெல்டிங் அடிக்கிறார்கள், நான் பார்க்கிற ஈசிஎம் கோளாறுகளில் அது ஒரு முக்கியக் காரணம். பேட்டரி இரண்டு முனையும் கழற்ற வேண்டும், ஈசிஎம் கப்ளர்களையும் பிடுங்கிவிட வேண்டும், வெல்டிங் எர்த் கிளாம்பை அடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டர் ஒயரில் கை வைக்காதீர்கள், அதில் 24 இல்லை, 70 வோல்ட்டுக்குப் பக்கம் தூக்கி அடிக்கும்.

கோவை_பெஞ்ச்:

சேலம் அண்ணன் சொன்னதை முழுவதும் செய்து முடித்தபின் இதைப் படியுங்கள். நான் ஈசிஎம் ரிப்பேர் வேலையில் இருக்கிறேன், விற்பனை கிடையாது.

சந்தையில் ரீமேன் என்ற ஒரே பெயரில் மூன்று விதமான சரக்கு வருகிறது. ஆக்சிடெண்ட் வண்டியில் கழற்றி, மேலே துடைத்து, பெயிண்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டியது ஒன்று. எரிந்த ஒரு பார்ட்டை மட்டும் மாற்றி மூடியது இன்னொன்று, அது ரிப்பேர். மூன்றாவதுதான் உண்மையான ரீமேன். முழுதாகத் திறந்து, போர்டைக் கழுவி, அந்த மாடலில் வழக்கமாகப் போகிற கெப்பாசிட்டர், டிரைவர், காற்றழுத்த சென்சார் எல்லாவற்றையும் கெட்டுப்போகாவிட்டாலும் மாற்றி, திரும்பக் கோட்டிங் போட்டு, புது சீல் வைத்து, பெஞ்சில், அதாவது டெஸ்ட் மேசையில், இன்ஜெக்டர் லோடு கொடுத்து, சூடேற்றி ஆற வைத்துப் பல மணி நேரம் ஓட்டிப் பார்ப்பது. கேட்டர்பில்லர், கம்மின்ஸ் மாதிரி கம்பெனிகளே ரீமேன் பார்ட்ஸ் விற்கின்றன, கம்மின்ஸில் அதற்கு ரீகான் என்று பெயர், பாஷ் கம்பெனிக்கு எக்ஸ்சேஞ்ச் என்ற திட்டம் இருக்கிறது. உங்கள் இன்ஜினுக்கு அந்த வழியில் கிடைக்குமா என்று முதலில் டீலரிடம் கேளுங்கள், பலர் இதைக் கேட்பதே இல்லை.

வெளியில் வாங்குவதென்றால் ஆளை எடைபோட எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று பார்ப்பது. விலை சொல்வதற்கு முன்னாலேயே சேஸிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், ஈசிஎம் லேபிளில் இருக்கிற பார்ட் நம்பர், அதன் சாஃப்ட்வேர் நம்பர் எல்லாம் கேட்டால் அவர் தொழில் தெரிந்தவர். கம்மின்ஸ் இன்ஜின் என்றால் தகட்டில் இருக்கிற சிபிஎல் நம்பரையும் (அந்த இன்ஜினில் என்னென்ன பார்ட்ஸ் என்று காட்டுகிற நம்பர்) கேட்பார். ஏனென்றால் பெட்டி ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருக்கிற சாஃப்ட்வேர் ஃபைல் வேறு. அதே பெட்டி குறைந்த குதிரைத்திறன் இன்ஜினிலும் இருக்கும், கூடுதல் குதிரைத்திறன் இன்ஜினிலும் இருக்கும், டிப்பரிலும் இருக்கும், பஸ்ஸிலும் இருக்கும். ஃபைல் மாறினால் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஓடவும் செய்யும், ஆனால் புகை, மைலேஜ், யூரியா செலவு எல்லாம் கணக்குத் தப்பிவிடும், அதை யாராலும் லேசில் கண்டுபிடிக்க முடியாது.

எழுத்தில் வாங்க வேண்டியவை: பெஞ்ச் டெஸ்ட் ரிப்போர்ட், என்னென்ன மாற்றினார்கள் என்ற விவரம், ஜிஎஸ்டி பில், வாரண்டி பீஸுக்கு மட்டுமா கழற்றி மாட்டுகிற கூலிக்கும் சேர்த்தா, பழைய பீஸை எந்த நிலையில் கொடுத்தால் டெபாசிட் திரும்பும். கடைசியாகச் சொன்னதில்தான் நிறையப் பேருக்குப் பணம் போகிறது. உள்ளூரில் யாராவது பழையதைத் திறந்து பார்த்திருந்தால், கப்ளர் பின் வளைந்திருந்தால், போர்டு கருகியிருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் உங்கள் பீஸை இப்போதைக்கு யாரையும் திறக்க விடாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் ஈசிஎம் ஸ்கேனரோடு பேசுகிறது, மற்ற மூன்று சிலிண்டரையும் ஓட்டுகிறது. அப்படியென்றால் பிராசசரும் மெமரியும் உயிரோடு இருக்கின்றன. ஒயரிங் சரியாக இருந்தும் அந்த பேங்க் வரவில்லை என்றால் டிரைவர் மட்டும்தான் போயிருக்கும். அப்போது எக்ஸ்சேஞ்ச் வாங்குவதை விட உங்கள் பீஸையே ரிப்பேர் செய்வதுதான் நல்லது. உங்கள் வண்டியின் ஃபைல், சேஸிஸ் நம்பர், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் உரிய கோடு எல்லாம் அப்படியே இருக்கும், செலவும் குறைவு. உள்ளே தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்தது, போர்டே வெடித்தது, இப்படிப்பட்ட பீஸுக்குத்தான் ரீமேன் தேவை.

திருச்செங்கோடு_ரிக்:

எங்களுடையது போர்வெல் போடுகிற வண்டி, லாரிக்கு ஒரு இன்ஜின், கம்ப்ரசருக்கு ஒரு இன்ஜின், இரண்டுக்கும் ஈசிஎம் உண்டு, அதனால் இந்தத் தலைவலி எங்களுக்கு இரண்டு மடங்கு. வெளி மாநிலத்தில் வேலையில் இருந்தபோது அங்கேயே ஒரு கடையில் லாரி இன்ஜினுக்கு ரீமேன் என்று வாங்கி மாட்டினோம். வண்டி அருமையாக ஓடியது, யூரியா அளவு மட்டும் இறங்கவே இல்லை. பிறகு ஸ்கேனரில் பார்த்தால் உள்ளே வேறு ஏதோ வண்டியின் சேஸிஸ் நம்பர், யூரியா சிஸ்டத்தையே சாஃப்ட்வேரில் அணைத்து வைத்திருக்கிறார்கள். 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடும் உள்ளே இல்லை. விற்றவரைக் கேட்டால் யூரியா செலவு மிச்சம்தானே என்கிறார். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவின்படி இப்படி வண்டியை மாற்றுவதே தவறு, எஃப்சியில் பிடித்தாலோ ஆக்சிடெண்ட் ஆகி இன்சூரன்ஸ்காரன் கிளறினாலோ நிற்க வேண்டியது ஓனர்தான். மாட்டிய அன்றே ஸ்கேனரில் சேஸிஸ் நம்பர், யூரியா, வேக அளவு மூன்றையும் பார்த்துவிடுங்கள், அதைப் பார்க்கும் வரை முழுப் பணமும் கொடுக்காதீர்கள்.

சங்ககிரி_12வீல்:

மூன்று பேருக்கும் நன்றி. சேலம் அண்ணன் சொன்னபடி பார்த்தோம். இன்ஜெக்டர் மூன்றும் ஒரே அளவு, பவரும் எர்த்தும் பல்பில் பளிச்சென்று எரிகிறது. இன்ஜின் ஆறியிருந்தபோது பாடிக்கு எதுவும் காட்டவில்லை, சூடானபின் 5ஆவது இன்ஜெக்டர் ஒயர் மட்டும் எர்த் காட்டியது. வால்வ் கவரைத் திறந்தால் பிராக்கெட் ஓரத்தில் உறை தேய்ந்து செம்பு தெரிகிறது, அந்த இடத்தில் கருப்பாகப் புள்ளி விழுந்திருக்கிறது. உள் ஒயரிங் செட் புதிதாக வாங்கிப் போட்டாயிற்று. கோடு அழித்து ஸ்டார்ட் செய்தால் இன்னும் 4, 5, 6 சிலிண்டர் வேலை செய்யவில்லை, ஒவ்வொரு இன்ஜெக்டராகக் கழற்றிப் பார்த்தும் அப்படியேதான், ஈசிஎம்மிலிருந்து வருகிற ஒயரையும் முனைக்கு முனை பார்த்துவிட்டோம். வெல்டிங் எதுவும் அடிக்கவில்லை.

டெல்லிக்காரரிடம் சாஃப்ட்வேர் நம்பர் கேட்டேன். அதெல்லாம் தேவையில்லை, மாட்டினால் ஓடும் என்கிறார். அதனால் அதை விட்டுவிட்டேன். என் பீஸையே ரிப்பேருக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். அனுப்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

சேலம்_ஆட்டோ_எலக்ட்ரிக்:

நல்ல வேளை அந்த ஒயரைப் பார்த்தீர்கள். டிரைவரைக் கொன்றது அதுதான். தேய்ந்த பழைய ஒயரிங்கைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள், ரிப்பேர்காரர் காரணம் கேட்டால் காட்டலாம். 1, 2, 3 பக்கமும் அதே பிராக்கெட்டில்தான் போகிறது, அங்கேயும் ஸ்லீவ் போட்டுவிடுங்கள்.

கோவை_பெஞ்ச்:

கழற்றும் முன் ஸ்கேனரில் எல்லாவற்றையும் படித்து சேவ் செய்துகொள்ளுங்கள்: சாஃப்ட்வேர் நம்பர், சேஸிஸ் நம்பர், கிலோமீட்டர், வேக அளவு, ஆறு இன்ஜெக்டரின் கோடும் சிலிண்டர் வரிசைப்படி. இன்ஜெக்டர் தலையில் அச்சடித்த கோடையும் கையோடு போட்டோ எடுங்கள், கவர் திறந்திருக்கும்போதே செய்துவிட்டால் வேலை மிச்சம். ரிப்பேரில் மெமரி அழிந்தாலும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம், கோடு தப்பாக ஏறினால் ஐடிலிங்கில் அடிக்கும், புகை தள்ளும்.

கழற்றும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டு, கப்ளர் லாக்கை முழுதாகத் திறந்தபின் நேராக இழுங்கள், ஸ்குரூ டிரைவர் வைத்து நெம்பினால் பின் வளையும். கப்ளருக்குள் எண்ணெய் ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஆயில் பிரஷர் சென்சார் கசிந்தால் ஒயருக்கு உள்ளேயே எண்ணெய் ஏறி ஈசிஎம் வரை வந்துவிடும், இருந்தால் அந்த சென்சாரையும் மாற்றுங்கள். தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள், காய்ந்த துணி போதும். வாய்ப் பகுதியை மூடி டேப் ஒட்டி, லேபிள் நம்பர் தெரிய நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டு, ஸ்பாஞ்ச் சுற்றிக் கனமான அட்டைப்பெட்டியில் போடுங்கள். உள்ளே ஒரு தாளில் என்ன கோளாறு, எந்த பேங்க், எந்த ஒயர் தொட்டது, என்ன மாற்றினீர்கள் என்று எழுதி வையுங்கள், பெஞ்சில் இருப்பவருக்கு அரை நாள் வேலை குறையும்.