‘ஏலியன்’: அயலாரா, அந்நியரா?

> ‘அந்நியர்’ வடசொல். ‘அயலார்’ என்றே வைப்போம். ‘நான்-சிட்டிசன்’ என்பதற்கும் அதுவே போதும். இரண்டும் ஒன்றுதானே?

வணக்கம் ஐயா,

சட்டத்தில் வரும் ‘ஏலியன்’ (alien, நாட்டுக்கு உரியவர் அல்லாதவர்), ‘நான்-சிட்டிசன்’ (non-citizen, குடிமகன் அல்லாதவர்) இரண்டுக்கும் ஒரே தமிழ்ச் சொல் போதும் என்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல என்றுதான் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2020 பிப்ரவரியில் ‘லவ்’ வழக்கில் சொன்னது. (அங்கே உயர் நீதிமன்றம்தான் கடைசிப் படி, அதற்கு மேல் முறையீடு கிடையாது.) மனுதாரர்கள் இருவர். ஒருவர் பப்புவா நியூ கினியில் பிறந்தவர், மற்றவர் நியூசிலாந்தில். ஆஸ்திரேலியப் பூர்வகுடி வழிவந்தவர்கள், சின்ன வயதிலேயே ஆஸ்திரேலியாவுக்கு வந்துவிட்டவர்கள், ஆனால் குடியுரிமை வாங்கவில்லை. குற்ற வழக்கில் சிறைத்தண்டனை பெற்றதால் விசா ரத்தாகி, நாடுகடத்தல் வரை போனது.

அரசின் வாதமும் உங்களுடையதேதான்: குடிமகன் இல்லையென்றால் ஏலியன். நீதிபதிகள் 4-க்கு 3 என்று பிரிந்து அதை நிராகரித்தார்கள். ஏலியன்களைப் பற்றிச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருவது 1901-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு. ஆஸ்திரேலியக் குடியுரிமையோ 1949-இல்தான் சாதாரணச் சட்டத்தின் வழியே வந்தது. யார் ஏலியன் என்பதை நாடாளுமன்றமே இஷ்டத்துக்கு முடிவு செய்துகொண்டால் அரசமைப்பு வைத்த வரம்புக்கு என்ன மதிப்பு? வம்சாவளி, தன்னைப் பூர்வகுடியாகக் கருதுவது, அச்சமூகத்தின் ஏற்பு: பூர்வகுடிகளின் நில உரிமையை ஏற்ற 1992 மாபோ தீர்ப்பின் இந்த மூன்றும் பொருந்துபவர் ஏலியன் ஆகமாட்டார் என்று தீர்ப்பானது.

ஆகவே நமக்கு இரண்டு சொல் கட்டாயம் வேண்டும். ஏலியனுக்கு ‘அந்நியர்’ இருக்கட்டும். ‘வெளிநாட்டவர்’ சரிவராது, வெளிநாட்டில் பிறந்தாலும் பூர்வகுடியானவர் அந்நியர் இல்லையே! நான்-சிட்டிசனுக்குச் செய்தித்தாள்கள் எழுதும் ‘குடியுரிமையற்றவர்’ எனக்கு உறுத்துகிறது. எந்த நாட்டிலும் குடியுரிமை இல்லாத நாடற்றவரைச் சொல்வதுபோல் இருக்கிறது. ‘குடியல்லார்’ என்று வைக்கலாமா? ‘குடிமகன்’ என்பதில் உள்ள ஆண்பால் தொல்லையும் தீரும்.

அன்புடன்.

---

தம்பி,

‘குடியல்லார்’ என்றால் மதுவிலக்குச் சங்கத்துக்காரர் என்று நினைப்பினம். ‘குடிமையல்லார்’ எண்டால் அந்தச் சிக்கல் இல்லை.

‘அயலார்’ வேண்டாம் என்பதில் இப்ப நானும் உங்கட பக்கம். யாழ்ப்பாணத்தில அயலவர் எண்டால் பக்கத்து வீட்டுக்காரர். செத்தவீட்டுக்கு முதல் ஆளாய் வந்து பந்தல் போடுற மனிசரை நாடுகடத்தும் சட்டத்தில எழுத எனக்கு மனம் வரேல்லை.

இந்தத் தீர்ப்பு உண்டாக்கின மூன்றாம் வகைக்கு, ‘அந்நியரல்லாக் குடிமையல்லார்’ எண்டு இப்போதைக்குப் போடுங்கோ. வாய்க்குள்ள நுழையாதுதான். ஆனால் ‘மண்ணின் மைந்தர்’ எண்டு மட்டும் ஒருத்தரும் தொடங்கவேண்டாம், அது வேற அரசியல்.