கலுங்கு பாய்ந்தால் எங்கள் தெரு வழியாகத்தான்: ராமநாதபுரம் கரையோரம் மனை வாங்கியவர்களின் மழை அனுபவங்கள் (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

மூணாவது தெரு

2018 வைகாசியில் தேவிபட்டினம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஐந்து சென்ட் மனை வாங்கினோம். பார்க்கப் போன அன்று தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, சுற்றிலும் சீமைக்கருவேலம். "குடிக்கவே தண்ணி இல்லாத ஊரு டீச்சர், இங்க எங்க தண்ணி நிக்கப் போகுது?" என்றார் தரகர். நானும் தலையாட்டினேன். இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குத் தண்ணீர் என்றால் குடத்தோடு வரிசையில் நின்றதுதான் ஞாபகம் வரும். வெள்ளத்தைப் பற்றி யோசிக்கவே தோன்றவில்லை.

வீடு கட்டிக் குடிவந்து மூன்றாவது வருடம், ஐப்பசிக் கடைசியில் இரண்டு நாள் நல்ல மழை. தெருவில் கொஞ்சம் தேங்கியது, அவ்வளவுதான். மூன்றாம் நாள் வெயில் அடித்தது, துணியெல்லாம் காயப்போட்டேன். அன்று சாயங்காலம்தான் தண்ணீர் வந்தது. மழை விட்ட பிறகு எப்படி வெள்ளம் வரும் என்று எனக்குப் புரியவே இல்லை. மேற்கே இருக்கும் கண்மாய் நிரம்பி, மிஞ்சிய தண்ணீரை வெளியேற்றும் கலுங்கு பாய்ந்து, வழி தேடி எங்கள் தெருவுக்குள் இறங்கியிருக்கிறது. பதினொரு நாள் முழங்காலளவு நின்றது. செப்டிக் டேங்க் நிரம்பிப் பின்வாங்கியது. நடக்க முடியாத என் மாமியாரைக் கட்டிலோடு தூக்கித்தான் வெளியே கொண்டுவந்தோம். அந்த மூன்று நான்கு நிமிடம் அவர் என் கையை விடவே இல்லை.

தண்ணீர் வடிந்ததும் அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் பெரியவரிடம் கேட்டேன். "மறுகா தண்ணி இப்படித்தான் தாயி கடலுக்குப் போகும். என் சின்ன வயசுல இங்க மீன் பிடிச்சிருக்கேன்" என்றார். மறுகால் என்றால் கண்மாய் நிரம்பி வழியும் தண்ணீர். அப்புறம்தான் பழைய புல வரைபடத்தின், அதாவது சர்வே எண் வாரியாக நிலத்தை அளந்து வரைந்த படத்தின், நகலை வாங்கினேன். எங்கள் தெரு இருக்கும் இடத்தில் இரட்டைக் கோடாக ஓர் ஓடை போகிறது. மனைப்பிரிவு வரைபடத்தில் அதே இடம் 23 அடிச் சாலை.

பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் சரியாகத்தான் இருந்தன. வக்கீலிடமும் காட்டினோம். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

மனைக்காரன்

டீச்சர், நான் மனை பிரித்து விற்பவன். அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

கீழக்கரைப் பக்கம் நான்கு ஏக்கரில் மனைப்பிரிவு அனுமதிக்குப் போட்டபோது, நீர்வளத்துறையிடம் தடையின்மைச் சான்று வாங்கிவரச் சொன்னார்கள். அது கைக்கு வர நாலரை மாதம் ஆனது. வட்டிக்கு வாங்கிய பணம், தூக்கமே இல்லை. பொறியாளர் நேரில் வந்து கண்மாயின் முழுக் கொள்ளளவு மட்டம், சாலை மட்டம், என் நிலத்தின் மட்டம் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். சான்றோடு நிபந்தனைகளும் வந்தன: தரையை மூன்றடி உயர்த்த வேண்டும், நடுவே போகும் வாய்க்காலின் அகலத்தைக் குறைக்கவோ திருப்பவோ கூடாது, குறுக்கே சாலை போனால் அவர்கள் சொல்லும் அளவில் சிறுபாலம், எல்லாத் தெருவிலும் மழைநீர் வடிகால். வாய்க்காலுக்கும் அதன் இரு கரைக்கும் விட்டதில் ஆறு மனை போனது. அன்று எனக்கு வந்த கோபத்தில் தொழிலையே விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். 3,000க்கும் 10,000க்கும் நடுவே இருந்தால் இடத்துக்குப் பதில் பணம் கட்டலாம். எனக்கு அந்த வழி இல்லை. விற்காத மூலையைப் பூங்கா என்று தள்ளிவிடுவதுதான் எங்கள் தொழிலில் பழக்கம். நிலத்திலேயே பள்ளமான இடத்தைக் கொடுக்கச் சொன்னது என் அப்பா. அங்கே ஊருணி மாதிரி ஒரு குளம் வெட்டினோம். பக்கத்து மனைகள்தான் கடைசியில் நல்ல விலைக்குப் போயின, கிணற்றில் உப்பு குறைந்திருக்கிறது என்பதால்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூன்றடி கிராவல் கொட்டி உயர்த்தினேன். விதிப்படி சரிதான். ஆனால் எனக்குத் தெற்கே இருந்த பழைய காலனி அன்றுமுதல் பள்ளமாகிவிட்டது. முன்பு என் நிலத்தில் பரவி நின்ற தண்ணீர் அடுத்த மழையில் அவர்கள் வாசலில் நின்றது. ஒரு அம்மா வந்து, "உங்க மனை காய்ஞ்சிருக்கு, எங்க அடுப்பு நனைஞ்சிருக்கு தம்பி" என்றார். என் செலவில் அவர்கள் பக்கம் ஒரு வடிகால் எடுத்துக் கொடுத்தேன். அது போதவில்லை என்று எனக்கே தெரியும். என் சர்வே எண்ணுக்குள் தண்ணீர் நிற்கக் கூடாது என்று பார்த்த சான்று, அடுத்த சர்வே எண்ணுக்குப் போன தண்ணீரைப் பார்க்கவில்லை.

சங்கிலி அளவை

நான் சர்வேத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். டீச்சருக்கு நடந்ததுபோல் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

நம் மாவட்டத்துக் கண்மாய்கள் ஒன்றோடொன்று கோத்தவை. மேல் கண்மாய் மறுகால்தான் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. கடைசிக் கண்மாயின் மறுகால் கடலுக்கு. ராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்கிறோமே, அத்தனை பெரிய ஏரிக்கும் ஒரு போக்கு வேண்டும். வைகையே ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடைந்து, மிஞ்சினால்தான் ஆற்றங்கரைப் பக்கம் கடலைப் பார்க்கிறது. எட்டு பத்து வருடம் ஒரு ஓடையில் தண்ணீர் வராமல் போகலாம். அதற்குள் கருவேலம் மூடிவிடும், பார்ப்பவனுக்கு அது வெறும் காடு. அந்த இடைவெளியில்தான் மனை விற்கிறது.

ஓடைகளில் இரண்டு வகை உண்டு. ஓடைப் புறம்போக்கு என்று தனி சர்வே எண்ணோடு, கிராமத்து நிலங்களின் வகையைக் குறித்து வைக்கும் அ-பதிவேட்டில் இருப்பது ஒன்று. இதை வாங்கவும் முடியாது, வரன்முறை செய்யவும் முடியாது. இன்னொன்று பட்டா நிலத்துக்குள்ளேயே போகும் ஓடை. பட்டாவில் அதைப் பற்றி ஒரு வரி இருக்காது, புல வரைபடத்தில் மட்டும் கோடு இருக்கும். டீச்சர் வீட்டுத் தெரு இரண்டாவது வகையாக இருக்க வேண்டும்.

2016 செப்டம்பரில் அனுமதியில்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு 2017இல் வரன்முறைத் திட்டம் வந்து, 2016 அக்டோபர் 20க்கு முன் உருவான மனைப்பிரிவுகளைக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்த வழி கிடைத்தது. எத்தனையோ ஏழைக் குடும்பங்களுக்கு அது வாழ்வு கொடுத்தது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே போட்ட தெருவுக்குள் வடிகாலுக்கு இடம் எங்கிருந்து வரும்? காகிதம் ஒழுங்கானது, தரை மட்டம் பழையபடியே இருந்தது.

மனை வாங்குபவர்கள் சித்திரை வைகாசியில் போய்ப் பார்க்காதீர்கள். கார்த்திகையில் போங்கள். கிராம வரைபடத்தை வைத்துக்கொண்டு, மேலே எந்தக் கண்மாய், அதன் கலுங்கு எந்தத் திசை பார்க்கிறது என்று பாருங்கள். புல வரைபடத்தை மனைப்பிரிவு வரைபடத்தின் மேல் வைத்து ஒப்பிடுங்கள். சுற்றிலும் வேலிக்கல் சாய்ந்திருந்தால், பழைய சுவரில் தண்ணீர்க் கறை இருந்தால், அது எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள்.

தங்கச்சிமடத்துப் பொண்ணு

எங்களுக்குக் கண்மாய் கிடையாது. தீவு முழுக்க மணல். எவ்வளவு பெய்தாலும் மணல் குடித்துவிடும், அந்தத் தண்ணீரைத்தான் கிணற்றில் இறைத்துக் குடிக்கிறோம். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. பாம்பனிலும் எங்கள் ஊரிலும் அதைவிடக் குறைவு, ஆனாலும் பெருமழைதான். அவ்வளவு மழைக்கு எந்த ஊரும் தாங்காது, சரி. ஆனால் மணல்மேட்டை வெட்டிச் சமமாக்கி, சிமென்ட் போட்டு, தங்கும் விடுதிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பிய இடங்களுக்குப் பின்னால் இருந்த வீடுகளில்தான் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. எங்கள் சித்தி வீடும் அதில் ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் கடல் தெரிகிறது, இந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர். கடைசியில் ஊர் ஆண்கள் போய்ப் பேசி, சுவரில் ஓட்டை போட்ட பிறகுதான் இறங்கியது.

கடற்கரை ஒழுங்காற்று விதி கடல் ஏற்றக் கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளிக் கட்டுகிறாய் என்று கேட்கிறது. அது வேண்டும்தான். நிலத்துப் பக்கமிருந்து வரும் தண்ணீருக்கு வழி விட்டாயா என்றும் யாராவது கேட்க வேண்டும்.

மனைக்கார அண்ணே, நீங்கள் கொட்டும் கிராவலைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் மழையில் அது கரைந்து கடலுக்குத்தான் வருகிறது. பாசி எடுக்கப் போகும் எங்கள் பெண்களுக்கு அந்த வாரம் தண்ணீருக்குள் கையே தெரியாது. கடற்புல்லின் மேல் சேறு படிந்தால் அதற்கு வெளிச்சம் கிடைக்காது. மீன் குஞ்சும் இறாலும் அங்கேதான் வளர்கின்றன.

மனைக்காரன்

உண்மைதான் தங்கச்சி. அடுத்த இடத்தில் ஓரமெல்லாம் முதலிலேயே புல் பதித்துவிட்டு, வடிகால் வாய்க்கு முன்னால் சேறு தங்க ஒரு குழி வெட்டப் போகிறேன். மண் கொட்டுவதை மாசி பங்குனியில் முடித்தால் மழைக்குள் இறுகிவிடும். செலவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு மனை விலையில் பாதிகூட வரவில்லை.

மூணாவது தெரு

எல்லாருக்கும் நன்றி. அளவைக்காரர் ஐயா சொன்னது சரி, அது பட்டா நிலத்து ஓடைதான்.

எங்கள் தெருவில் பதினேழு வீட்டுக்காரர்கள் சேர்ந்தோம். சாலையின் ஒரு பக்கத்தில் நான்கடி விட்டு, பழைய ஓடை போன தடத்திலேயே வாய்க்கால் தோண்டினோம். இரண்டு வீட்டுப் படிகளை இடிக்க வேண்டியிருந்தது, அதில் ஒன்று எங்களுடையது. கிழக்கே கடலை நெருங்கும் இடத்தில் வாய்க்காலின் முகம் மணல் மேடிட்டு அடைத்துக்கொள்கிறது. அதை மட்டும் ஒவ்வொரு புரட்டாசியிலும் ஆள் வைத்து வெட்டிவிடுகிறோம். வெளியே கடல் ஏறியிருக்கும் நேரத்தில் தண்ணீர் இறங்காது, வற்றும்வரை காத்திருக்க வேண்டும்.

போன மழைக்குக் கலுங்கு பாய்ந்தது. தண்ணீர் எங்கள் தெருவுக்கு வந்தது, நான்கு நாளில் போய்விட்டது. கடைசி மனைக்காரர் வெளியூரில் இருக்கிறார், அவருடைய சுற்றுச்சுவர் இன்னும் வாய்க்காலின் மேல் நிற்கிறது. தை பிறந்ததும் வருகிறேன் என்று போனில் சொன்னார். அந்தப் புல வரைபட நகலை அவருக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன்.