புதுப்பிப்பு: அம்மாவின் வேதாகமத்தில் மங்கிய பென்சில் குறிப்புகளைப் படித்தாயிற்று

ஆசிரியையாக இருந்த அம்மா தன் வேதாகமத்தின் ஓரங்களில் பென்சிலால் எழுதியவை மங்கிவிட்டன, நினைவு ஆராதனைக்குள் படிக்க வழி உண்டா என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது பக்கவாட்டு வெளிச்சம்தான். அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் தாளை ஒட்டிப் படுக்கவைத்து அடித்தால், பென்சில் அழுத்திய பள்ளங்கள் நிழலாக எழும்புகின்றன. அப்படியே போனில் படம் எடுத்துக்கொண்டோம். ஸ்கேனர் உதவவில்லை. அதில் பள்ளம் தெரிவதில்லை; புத்தகத்தை அழுத்தினால் தையலும் விட்டுப்போகும்.

எதிர்பாராதது ஒன்று. நீதிமொழிகள் 31 வாசிப்பதாக இருந்தோம், தாய்மாருக்கு வழக்கமாக வாசிப்பது அதுதானே. அந்தப் பக்கத்தில் அம்மா ஒரு கோடுகூடப் போடவில்லை! 121-ஆம் சங்கீதத்தின் ஓரம் முழுக்க மாணவர் பெயர்கள். பக்கத்தில் 'கணக்கு', 'காய்ச்சல்', ஒன்றில் 'ஃபீஸ்'. இது ஜெபக் குறிப்பா, வருகைப் பதிவேடா என்றான் தம்பி. சரி என்று 121-ஐயே வாசித்தோம், பெயர்களைச் சொல்லவில்லை. 2 தீமோத்தேயு 1:5-இல் தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளின் பெயருக்கு அடியில் எங்கள் பாட்டியின் பெயர் இருந்தது.

அப்புறம், பக்கங்களில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம் என்று நீங்கள் எச்சரித்ததும் சரிதான். பழைய டேப் மஞ்சளாகிப்போன இடங்களில் டார்ச் வெளிச்சத்திலும் எதுவும் தெரியவில்லை.