சுமையோடு கோத்தகிரி ஏறினோம்: மின் சைக்கிளில் எதைப் பார்க்க வேண்டும்?

மின் சைக்கிள் வாங்கப் போனால் எத்தனை வாட், எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றுதான் முதலில் கேட்கிறோம். நம் நாட்டில் மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். அதனால் கடையில் நிற்கும் பல வண்டிகளில் அந்த வாட் கணக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். பை கட்டிக்கொண்டு மலை ஏறுகிறவர்கள் மோட்டார் எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு நண்பரும் நானும் கூடாரம், அடுப்பு, துணிமணி என்று ஆளுக்கு இருபது கிலோ ஏற்றிக்கொண்டு போனோம். தூரம் 33 கிலோமீட்டர்தான், ஆனால் ஏற்றம் கிட்டத்தட்ட 1,450 மீட்டர். அவருடையது பின்சக்கரத்தின் நடுவிலேயே இருக்கும் ஹப் மோட்டார், என்னுடையது பெடல் அச்சில் இருக்கும் மிட் டிரைவ்.

குஞ்சப்பனை தாண்டியதும் அவர் திணற ஆரம்பித்துவிட்டார். ஹப் மோட்டார் சக்கரத்தோடு கட்டுண்டது, கியரைக் குறைத்தாலும் அதற்குப் பயனில்லை. சக்கரம் மெதுவாகச் சுற்றச் சுற்ற, பேட்டரியிலிருந்து வருவதில் பெரும்பங்கு சூடாகவே போய்விடும். தொட்டால் கை சுட்டது. கொஞ்ச நேரத்தில், மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடும் கன்ட்ரோலர் தானே மோட்டாரை நிறுத்திவிட்டது. அரவேணு வரைக்கும் நிழல் பார்த்து நிறுத்துவதும் ஆறவிட்டு ஏறுவதுமாகத்தான் வந்தார். சமதளத்தில் அதே வண்டி அருமையாக ஓடும், விலையும் குறைவு. சுமையும் ஏற்றமும் சேர்ந்தால்தான் சிக்கல்.

மிட் டிரைவின் விசை செயின் வழியாகப் போவதால் கியர் அதற்கும் உதவும். முன்னால் 34 பல், பின்னால் 46 பல் உள்ள சக்கரங்கள் இருந்தால் மணிக்கு ஆறு கிலோமீட்டரில்கூட மோட்டார் மூச்சு வாங்காது. ஆனால் செயின் சீக்கிரம் தேயும். கியர் மாற்றும் நொடியில் மிதியைத் தளர்த்தப் பழக வேண்டும். மிதிக்கும் பலத்தை அளக்கும் டார்க் சென்சார் இருந்தால் இன்னும் நல்லது, கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்பும்போது வண்டி துள்ளாது.

பேட்டரிக்கு ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். ஆள், வண்டி, சுமை எல்லாம் சேர்த்து 115 கிலோ என்றால், 1,450 மீட்டர் தூக்க மட்டும் 450 வாட்-அவருக்கு (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) கொஞ்சம் மேல் வேண்டும். டயர் உராய்வு தனி. பாதி வேலையை நம் கால்கள் செய்தால் 500 வாட்-அவர் பேட்டரி மிச்சத்தோடு மேலே கொண்டுபோய்ச் சேர்க்கும். 2 ஆம்பியர் சார்ஜரில் அது நிரம்ப ஆறேழு மணி நேரம் ஆகும், 4 ஆம்பியர் சார்ஜரைக் கேட்டு வாங்குங்கள்.

இறக்கத்தையும் யோசியுங்கள். இந்த எடைக்கு 180 மில்லிமீட்டர் பிரேக் டிஸ்க்குக்குக் குறைந்து எடுக்காதீர்கள்.

கொல்லிமலையின் 70 வளைவுகளைச் சுமையோடு ஏறியவர்கள் யாராவது இருந்தால், செயின் எவ்வளவு தூரம் தாங்கியது என்று எழுதுங்கள்.