கச்சான் காற்றில் கருகும் ஐவி: என்ன செய்யலாம்?

கல்லடிவாசி:
நுவரெலியாவிலிருந்து கொண்டுவந்த ஐவிக் கொடி. பெரிய இலை, ஓரம் வெள்ளை. மேற்குப் பக்க மதிலில் ஏறட்டும், அடியில் நிலத்தையும் மூடட்டும் என்று நட்டேன். மாரி முழுக்க நன்றாக ஓடியது. கச்சான் (வெக்கையான தென்மேற்குக் காற்று) தொடங்கியதும் இலை ஓரம் கருகுகிறது, நடுவில் ஊசியால் குத்தினது போல மஞ்சள் புள்ளிகள். கடற்கரை மணல்தான் மண். காலையும் பின்னேரமும் கிணற்றுத் தண்ணீர் விடுகிறேன். இன்னும் கூட்டவா, பசளை போடவா? இந்தக் கொடியை எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

கல்முனை அக்கா:
இரண்டும் வேண்டாம் தம்பி. முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கள். நரம்புகள் பிரியும் இடத்தில் மெல்லிய வலை தெரிகிறதா? வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி ஊர்ந்தால் அது சிற்றுண்ணி. வெக்கையும் வறண்ட காற்றும் சேர்ந்தால் ஒரு வாரத்திலேயே அடுத்த தலைமுறை வந்துவிடும், அதனால் ஒரு தடவை அடித்துவிட்டு இருந்தால் பலன் இல்லை. இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். அப்புறம் ஒரு லீற்றருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் சவர்க்காரம். பின்னேரம் வெயில் இறங்கினபிறகு அடியுங்கள், வாரம் ஒருமுறை மூன்று வாரம்.

ஓரம் கருகுவது வேறு கதை. தண்ணீர் உவரா? நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம், குளிர்ந்த இரவு. அங்கே வளர்ந்த கொடிக்கு நம் மேற்கு மதில் அடுப்புச் சுவர்தான்.

அக்கரைப்பற்று:
நிலத்தை மூடத்தானே? மஞ்சள் பூ வெடேலியா வையுங்கள், வெயிலுக்கு அசையாது.

கல்முனை அக்கா:
தயவுசெய்து அது வேண்டாம். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இருப்பது வெடேலியா. துண்டு விழுந்த இடமெல்லாம் வேர்விடும், வளவு தாண்டி வாய்க்காலுக்குள் இறங்கினால் யார் பிடுங்குவது? மதிலுக்கு பைகஸ் பூமிலா வையுங்கள். சின்ன இலை, சுவரோடு ஒட்டி ஏறும், வெக்கை தாங்கும். பூச்சு உதிரும் பழைய சுவரில் மட்டும் விடவேண்டாம், வேர் விரிசலுக்குள் போய்விடும். ஐவிக்கும் அதே கதைதான்.

கல்லடிவாசி:
தாளில் தட்டினேன், ஊர்கிறது! தண்ணீரும் கொஞ்சம் உவர்தான், மண்ணின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. கொடியை எங்கே மாற்றலாம்?

கல்முனை அக்கா:
கிழக்குப் பக்கம், காலை வெயில் மட்டும் படும் இடம். இப்போது பிடுங்கவேண்டாம். கிடுகு சாத்தி நிழல் கொடுத்து, உவர் இல்லாத தண்ணீர் கிடைத்தால் அதை ஊற்றுங்கள். மாரி தொடங்க இளந்தண்டைக் கணுவுக்குக் கீழே வெட்டி, மாட்டெருவும் தும்புச் சோறும் (தேங்காய் நார்த் தூள்) கலந்த மண்ணில் சாடியில் ஊன்றுங்கள். வெட்டும்போது கையுறை போடுங்கள், ஐவிச் சாறு பட்டால் சிலருக்குத் தோல் கடிக்கும். ஆடு இருந்தால் வெட்டினதை அதற்குப் போடவும் வேண்டாம்.