மாமாவீட்டு ஆக்கள் குழு: டைகான் கதை

கவின்: மாமா, போர்ஷ டைகான் டர்போ எஸ் எண்ட மின்சாரக் கார், 2020 மொடல். 761 குதிரைவலுவாம், 2.8 செக்கனில 100 வேகமாம். உண்மையோ?

ரூபன் மாமா: உண்மைதான். ஆனா 761 எந்த நேரமும் வராது, சாதாரணமா 625. ஸ்போர்ட் பிளஸ் மோட்டில இடது காலால பிரேக்கை அமத்தி, வலது காலால அக்சிலரேட்டரை முழுக்க மிதிச்சு, பிரேக்கை விட்டதும் ரெண்டு மூண்டு செக்கனுக்குத்தான் அந்தக் கூடுதல் வலு.

கவின்: நாலு தரம் அப்பிடி இழுத்தா பற்றரி முடிஞ்சிடுமே?

ரூபன் மாமா: இல்லையடா. 2295 கிலோ வண்டியை 100க்குக் கொண்டுபோற சக்தி கால் யூனிட் கரண்ட்தான். வீணாப்போறதைச் சேர்த்தாலும் கொஞ்சம்தான் கூடும். பற்றரியில பாவிக்கக்கூடியது 83.7 யூனிட். தின்னுறது விடாமப் பிடிக்கிற வேகம். 80இல இருந்து 160க்குப் போனா காத்தைத் தள்ள மட்டும் 8 மடங்கு வலு வேணும்.

சுதா அக்கா: ஏ9 றோட்டில 70க்கு மேல போனா பொலிஸ் மறிக்கும். உங்கட 160ஐ வச்சு ஆர் என்ன செய்யிறது

ரூபன் மாமா: அதுவும் சரிதான். பின் மோட்டருக்கு ரெண்டு கியர் இருக்கு, மற்ற மின்சாரக் கார்களில அனேகமா ஒண்டுதான். முதல் கியர் கிட்டத்தட்ட 15க்கு 1, அதாவது சில்லு ஒருக்காச் சுத்த மோட்டர் 15 தரம் சுத்தும், இழுவைக்கு. ரெண்டாவது 8க்கு 1, அதாலதான் 260 வரைக்கும் போகுது.

பெரியப்பா: உதை எங்கட வீட்டில சார்ஜ் பண்ண ஏலுமோ?

வயரிங் சிவா: ஏலும் பெரியப்பா, ஆனா பொறுமை வேணும். சிங்கிள் பேஸில 16 அம்பியர் எடுத்தா 3.7 கிலோவாற். வெறும் பற்றரி நிரம்ப ஒரு நாள் தாண்டும். மூண்டு பேஸ் எடுத்தா 11 கிலோவாற், 9 மணித்தியாலம் மட்டில.

வயரிங் சிவா: 13 அம்பியர் பிளக்கில விடிய விடியப் போடாதேங்கோ. சொக்கற்றுக்குள்ள ஸ்குரூ கொஞ்சம் தளர்ந்திருந்தாலே அந்த இடம் சூடாகி பிளாஸ்ரிக் உருகும். வேற வழியில்லையெண்டா காரில 10 அம்பியருக்குக் குறைச்சு வையுங்கோ. தனி பிரேக்கர், தனி ட்ரிப் சுவிட்ச், 6 சதுர மில்லிமீற்றர் வயர். கோடையில மண் காஞ்சா எர்த் தடை கூடும், கார் சார்ஜ் எடுக்க மாட்டனெண்டு நிக்கும். ஆக்கள் கார் பழுதெண்டு நினைப்பினம். முதல்ல எர்த்தை அளந்து பாக்கோணும்.

கவின்: இந்தக் காருக்கு 800 வோல்ற் எண்டுறது எதுக்கு?

வயரிங் சிவா: 400 வோல்ற்றோட பாத்தா அதே வலுவுக்குப் பாதிக் கரண்ட் போதும். கரண்ட் பாதியானா அதே வயரில சூடு நாலிலொண்டு. அதாலதான் 270 கிலோவாற் வரைக்கும் ஏத்தலாம், 5 வீதத்தில இருந்து 80 வீதத்துக்கு 22.5 நிமிசம். ஆனா 400 வோல்ற் நிலையமெண்டா மேலதிக வசதி போடாத காரில 50 கிலோவாற் தான். பிளக்கையும் பாருங்கோ: இங்க ஓடுற பழைய யப்பான் நிசான் லீஃப் காருக்கு சடெமோ எண்ட பிளக், இதுக்கு சிசிஎஸ் 2 எண்ட பிளக்.

சுதா அக்கா: ரயர்?

ரூபன் மாமா: முன்னுக்கு 265/35, பின்னுக்கு 305/30, 21 அங்குல றிம். பக்கச்சுவர் சரியான கட்டை. கிரவல் ஒழுங்கையில ஒரு கிடங்கில விழுந்தா றிம் வளையும். எயார் சஸ்பென்சனால 20 மில்லிமீற்றர் தூக்கலாம், ஆனா பற்றரி அடியிலதான் கிடக்கு.

ரூபன் மாமா: இன்னொண்டு. பிரேக் பிடிக்கேக்க பெரும்பாலும் மோட்டர்தான் மறிக்கும், 265 கிலோவாற் வரைக்கும் பற்றரிக்குத் திரும்பும். மற்ற மின்சாரக் கார்களில இரும்பு டிஸ்க் வேலையில்லாமக் கிடந்து மாரியில துருப்பிடிக்கும், ஆனா டர்போ எஸ்ஸுக்கு செராமிக் டிஸ்க், அது துருப்பிடிக்காது.

பெரியப்பா: சிவா, நாளைக்கு எர்த் அளக்கிற மீற்றரையும் கொண்டு வா. தண்ணி மோட்டரும் அடிக்கடி ட்ரிப் ஆகுது.